அப்பாவின் செம்முடி

அப்பா எவ்வளவு பெரிய கவிஞர் என்பது அவர் இறந்த பிறகுதான் எங்கள் கெல்சோ ஊருக்குத் தெரிந்தது. எடின்பரோவிலிருந்தெல்லாம் குதிரை வண்டி பிடித்து ஆட்கள் வந்தார்கள். நினைவாக ஏதாவது கேட்டார்கள். யாரையும் வெறுங்கையோடு அனுப்ப அம்மாவுக்கு மனசு வராது. இறகுப் பேனாக்கள் போயின. மூக்குப்பொடி டப்பா, கழுத்துத் துணி, அவர் கஞ்சி குடித்த கொம்புக் கரண்டி எல்லாம் போயின. அவர் தலையிலிருந்து வெட்டி வைத்திருந்த முடிக்கற்றையையும் நாலு நாலு இழையாகக் கொடுத்தே தீர்த்துவிட்டாள்.

அப்புறம் என் தலையில் கை வைத்தாள். அப்பாவின் அதே செம்பு நிற முடி எனக்கு.

ஹாயிக்கிலிருந்து வந்த கிரிசல் அத்தைதான் கண்டுபிடித்தாள்.

"ஏன்டி ஐசோபெல், பின்னல் ஏன் எலிவால் மாதிரி இருக்கு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அத்தைக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணி, என் அண்ணன் பேரைச் சொல்லி ஊரை ஏமாத்தறீங்களா?"

"அவர் பெத்த பொண்ணோட முடிதானே கிரிசல். பாதி உண்மை."

"அப்படின்னா கூடப் பொறந்தவ முடி என்ன குறைஞ்சு போச்சு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கோபம் எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா சிரிப்பை அடக்க ஓட்ஸ் ரொட்டியைக் கடித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் கதவு தட்டப்பட்டது. அத்தை வயதில் ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் யூஃபீமியா, லீத் துறைமுகத்திலிருந்து வருவதாகச் சொன்னாள்.

"முடியெல்லாம் தீர்ந்துபோச்சும்மா" என்றாள் அத்தை, வெடுக்கென்று.

"கேக்க வரலைங்க. குடுக்க வந்தேன்."

அவள் மேசைமேல் ஒரு பட்டுத்துணியைப் பிரித்தாள். உள்ளே விரல் கனத்தில் செம்முடிக் கற்றை.

"இருபது வயசுல அவர் எனக்குக் குடுத்தது. தங்கச்சி குடும்பத்தோட கனடாவுக்குக் கப்பல் ஏறப்போறேன். இது இங்கேயே இருக்கட்டும்னு தோணுச்சு."

"அப்ப அவர் உங்களுக்கு..." என்று இழுத்தாள் அம்மா.

"கட்டிக்கறதா இருந்தோம். பாட்டெழுதறவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு எங்கப்பா சொல்லிட்டார். நானும் அடங்கிட்டேன்."

அம்மா அவளுக்குத் தேநீர் ஊற்றினாள்.

"எங்கப்பாவும் அதையேதான் சொன்னார். நான் கேக்கலை."

யூஃபீமியா முதலில் திகைத்தாள், பிறகு சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். அத்தைதான் அழுதாள்.

யூஃபீமியா விடைபெறும்போது அம்மா கத்தரிக்கோலை எடுத்து என்னைக் கூப்பிட்டாள். நான் குனிந்தேன். வெட்டிய முடியை அதே பட்டுத்துணியில் மடித்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள்.

"இது அவரோடதில்ல, அவர் பொண்ணோடது. மத்தவங்ககிட்டப் பொய் சொன்னேன். உங்ககிட்ட வாய் வரலை."

"இதுதான் எனக்கு வேணும்" என்று அவள் என் நெற்றியில் முத்தமிட்டாள்.

அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் தேநீரும் ரொட்டியும் மட்டும்தான். யூஃபீமியா கொண்டுவந்த கற்றையை அம்மாவும் அத்தையும் அன்றே பிரித்துக்கொண்டார்கள்.

"உங்க பங்கு தடிமனா இருக்கு அண்ணி."

"நான் அவரோட குடித்தனம் பண்ணினவ."

"நான் அதுக்கு முன்னாடியே அவன்கிட்ட அடி வாங்கினவ."

அம்மா தன் பங்கிலிருந்து இரண்டு இழை உருவி அத்தையிடம் கொடுத்தாள்.