அண்ணி சிரிக்கவில்லை

பல் செட் செய்யும் கூடத்தில், ஊற்றிய அச்சு இறுகும்வரை வேலை எதுவும் ஓடாது. மற்றவர்கள் அந்த இடைவெளியில் டீ குடிக்கப் போவார்கள். அவள் மட்டும் முக்காலியை வெளிச்சத்துப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, நகக்கண்ணில் ஒட்டிய மெழுகைச் சுரண்டி எறிந்துவிட்டு, செல்போனில் கதை தட்டுவாள். தட்டியதை ஒரு கதைத் தளத்தில் வாராவாரம் ஒரு பகுதியாகப் போட்டாள். அங்கே அவளுக்குப் பெயர் ஈரக்குடை.

அவளை எழுத வைத்தது ஆசையல்ல, ஆத்திரம். முன்பு அந்தக் கூடத்தில் ஒருவர் வேலை பார்த்தார். முடிந்த செட்டுகளைப் பல் வைத்தியர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் அவளிடம்தான் பேசுவார். திடீரென்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டார். பல வருடம் கழித்து ஒரு பேருந்து நிறுத்தத்தில் எதிரே வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. நலம் விசாரித்தபின் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "புடிக்கலைன்னா நீங்களே நேரா சொல்லியிருக்கலாங்க. அண்ணனை விட்டுச் சொல்லவச்சதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்கக் கேட்கத்தான் விஷயம் வெளியே வந்தது. அவர் முறைப்படி பெண் கேட்டு வீட்டுக்கே வந்திருக்கிறார். அண்ணன் அவரை வாசற்கதவைத் தாண்டி உள்ளே விடவில்லை. "அவளுக்கு இஷ்டமில்ல, இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் வந்து போனது எந்தக் கிழமை என்றுகூட அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனதும் கேட்டிருக்கலாம். கேட்டால் அண்ணன் கைவசம் ஒரு பதில் வைத்திருப்பார். அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். சொல்லிக்கொடுக்கும் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. வீட்டிலும் அவர் கால் அந்தப் பிரேக்கின் மேலேதான் இருந்தது. யார் எங்கே திரும்பினாலும் ஒரு மிதி. அப்பா அம்மா போனபின் அவள் அண்ணன் வீட்டின் பின்னறையில் இருந்தாள். பயிற்சிக்கு வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்புகளும் அந்த அறையில்தான் அடுக்கியிருந்தன. கூம்புகளோடு கூம்பாக இருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை. மிதிக்க முடியாத இடம் ஒன்று வேண்டும் என்று தேடினாள். கதைத் தளம் அகப்பட்டது.

அங்கே அறிமுகமானவள்தான் கமா. மருந்துக்கடை வைத்திருப்பவள், தளத்தில் நெடுநாளாக எழுதுபவள். யார் கதையிலும் காற்புள்ளி தப்பாக விழுந்தால் பின்னூட்டத்தில் வந்து நிற்பாள், அதனால் அந்தப் பெயர். இருவரும் நேரில் பார்த்ததில்லை, போனில் மட்டும் பேசினார்கள். கடைசிப் பகுதியை எழுதி முடிக்காமல் முதல் பகுதியைப் போடாதே, போட்டால் படிக்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கதையைக் கந்தலாக்கிவிடுவார்கள் என்று கமா எடுத்த எடுப்பில் சொன்னாள். தளத்தை நம்பிப் பிரதி எடுக்காமல் இருக்காதே, ஒருநாள் அவர்கள் கடையை மூடிக்கொண்டு போய்விட்டால் உன் கதையும் போச்சு என்றாள். பின்னூட்டத்தைப் பசியோடு படிக்காதே, வயிறு நிறைந்தபின் படி, கோபம் பாதியாகக் குறையும் என்பது அவளது மருந்துக்கடை அனுபவம். கடைசியாகச் சொன்னது இது: "வீட்டு ஆளுங்கள வச்சு எழுதுறியா? எழுது. ஆனா ஆள மாத்தினா பத்தாது, பொருளையும் மாத்து. மனுஷனுக்கு அவன் மூஞ்சி கதையில வந்தா தெரியாது. அவன் வீட்டுச் செருப்பு வந்தா கண்டுபுடிச்சிருவான்."

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். முழுக்கதையையும் முதலில் எழுதி முடித்தாள். கதையில் அண்ணன் துணிக்கடைக்காரர் ஆனார். பிள்ளையில்லாத அண்ணனுக்கும் அண்ணிக்கும் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். பெண் கேட்டு வந்தவர் வாத்தியார் ஆனார். கதையின் அண்ணி, அண்ணன் அவரை விரட்டும்போது ஜன்னலில் நின்று சிரித்தாள். முடிவில் தங்கை வீட்டை விட்டுப் போகிறாள், அண்ணனை மன்னிக்கவில்லை.

யாரும் எதிர்பாராத வாசகி ஒருத்தி அந்தக் கதைக்குக் கிடைத்தாள். அவளுடைய சொந்த அண்ணி.

அண்ணி, அண்ணனின் கார் பயிற்சிப் பள்ளி முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பவள். இரண்டு அழைப்புகளுக்கு நடுவே எதையாவது படிப்பாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், ஈரக்குடை என்று ஒருத்தி எழுதுகிறாள், பிரமாதம் என்று ஆரம்பித்தாள். அதிலிருந்து வாராவாரம் சாப்பாட்டோடு கதையும் பரிமாறப்பட்டது. அந்தத் துணிக்கடைக்காரனை அண்ணி திட்டாத திட்டு இல்லை. "கூடப் பொறந்தவளச் சம்பளமில்லாத வேலைக்காரியா வச்சிருக்கான், கட்டையில போறவன்" என்பாள். அண்ணன் தலையாட்டியபடியே சாப்பிடுவார். தங்கை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள்.

பெண் கேட்டு வந்தவரை விரட்டும் பகுதி வந்த வாரம் மட்டும் அண்ணி வாய் திறக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். தலைவலி என்றாள்.

சில வாரம் கழித்து ஒரு விடுமுறை நாள். மூவரும் வீட்டில் இருந்தார்கள். அண்ணி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். கதையில் தங்கை குளியலறைக்குள் நின்று அழுகிறாள். அந்தக் கதவின் தாழ்ப்பாளைச் சும்மா தள்ளினால் போடமுடியாது, முழங்காலால் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளவேண்டும். அந்த வரியில் அண்ணியின் குரல் நின்றது. எழுந்து குளியலறைக்குப் போனாள். தாழ்ப்பாள் ஒருமுறை விழும் சத்தம் கேட்டது. பிறகு திறக்கும் சத்தம், மறுபடி விழும் சத்தம்.

எழுதியவள் தொழிலை மாற்றினாள், பிள்ளைகளைப் பெற்றுக்கொடுத்தாள், தாழ்ப்பாளை மாற்ற மறந்துவிட்டாள்.

அண்ணி திரும்பி வந்து நாத்தனாரை நேராகப் பார்த்தாள். கத்தவில்லை. போனில் பழைய பகுதி ஒன்றைத் தேடியெடுத்து அண்ணன் கையில் கொடுத்து, இதைப் படியுங்கள் என்று மட்டும் சொன்னாள். வாசற்கதவில் நின்று அண்ணன் பேசும் பகுதி அது. அவர் மெதுவாகப் படித்தார். காது மடல் சிவந்தது. இதை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று கேட்டார். கீழே எண்ணிக்கை போட்டிருக்கிறது, அவரே பார்த்துக்கொண்டார்.

"அழிச்சுரு" என்றார்.

"மாட்டேன்."

அந்த வீட்டில் அந்தச் சொல் அதுவரை கேட்டதில்லை. நாலு பேர் காறித் துப்புவார்கள், பயிற்சிக்கு யார் வருவார்கள், வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது என்று அண்ணன் பேசிக்கொண்டே போனார். கதையில் அவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, தொழில்கூட இல்லை, அதைப் படித்துவிட்டு அவர்தான் என்று யாருக்குத் தெரியும், அவருக்கே இன்றைக்குத்தானே தெரிந்தது என்று அவள் சொன்னாள்.

"பொண்ணு கேட்டு அவரு வந்தது நெசமா பொய்யாண்ணா? அத மட்டும் சொல்லுங்க."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார். பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே பிரேக்கை மிதித்தார். "இங்க இருக்கணும்னா அது அழியணும்."

"அப்ப வீட்ட விடுறேன். கதைய விடமாட்டேன்."

அன்று மாலையே கூடத்துக்கு அருகில் இருந்த பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் பிடித்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறும்போது அண்ணன் தடுக்கவில்லை. அண்ணி கண்ணில் படவேயில்லை.

கடைசிப் பகுதி வெளியானதும் தளம் அமளிதுமளிப்பட்டது. என்ன இருந்தாலும் கூடப்பிறந்த அண்ணன், மன்னித்துவிடுவதாக மாற்றுங்கள் என்று குவிந்துவிட்டார்கள். தளத்தை நடத்துகிறவர்களும் செய்தி அனுப்பினார்கள். அண்ணன் தங்கை காலில் விழுந்து அழுவதுபோல் ஒரு பகுதி சேர்த்தால் முகப்பில் போடுவார்களாம். முகப்பு வேண்டாம், முடிவு இருக்கட்டும் என்று பதில் போட்டாள். கமாவிடம் சொன்னபோது, விழுந்து அழுகிற அண்ணனை நான் கதையில்கூடப் பார்த்ததில்லை என்று சிரித்தாள்.

ஆனால் ஒரு பின்னூட்டம் அவளை உலுக்கிவிட்டது. எழுதியவர் பெயர் வாசகி என்று மட்டும் இருந்தது. "அந்த அண்ணி ஜன்னலில் நின்று சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவள் சிரிக்கவில்லை. தங்கையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று புருஷனிடம் சொன்னாள். அதற்கு அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியாது."

மத்தியானம் பூராவும் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு கடைவாய்ப் பல்லைத் தேவைக்கு மேல் ராவிக் கெடுத்தாள். கூடத்து முதலாளியிடம் பேச்சு வாங்கினாள். அதன்பின் வெளியே படிக்கட்டுக்கு வந்து அண்ணியை அழைத்தாள். எடுக்கமாட்டாள் என்று நினைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நான் சிரிச்சேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கதைக்கு வேண்டியிருந்துச்சு அண்ணி."

"உன் கதைக்கு வேணும். எனக்கு எதுக்கு அந்தச் சிரிப்பு?"

அப்படியென்றால் இத்தனை வருடம் ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. சொல்லியிருந்தால் அண்ணி அந்த வீட்டில் எப்படி இருந்திருப்பாள்? அண்ணியும் அதைத்தான் சொன்னாள், நாலு வார்த்தை காட்டமாகவே சொன்னாள். உனக்குப் போக ஒரு கூடமும் கையில் ஒரு தொழிலும் இருந்தன, எனக்கு அவருடைய முன்மேசை மட்டும்தான் இருந்தது என்றாள். அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"அந்த வரிய மாத்திரட்டுமா?"

"ஒண்ணும் மாத்தாத. நீ எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். நான் எழுதுறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாள். மறுமாதம் தளத்தில் புதிய தொடர் ஒன்று தொடங்கியது, எழுதுபவர் முன்மேசை. ஒரு பயிற்சிப் பள்ளி, ஓயாமல் அடிக்கும் ஒரு போன், அதை எடுத்து எடுத்துத் தேய்ந்த ஒரு பெண். எதையும் மறைக்கவில்லை. தொழில்கூட அதே தொழில். அதில் ஒரு நாத்தனார் வருகிறாள். கதவை அறைந்து சாத்துகிறாள், பத்துப் பாத்திரத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை, வாய் திறந்தால் குத்தல். படிக்கப் படிக்க அவளுக்குக் காதில் புகை வந்தது. பொய் என்று பொரிந்து ஒரு பின்னூட்டம் தட்டினாள். படித்துப் பார்த்தாள். அழித்தாள். கதவை ஓரிருமுறை அறைந்தது உண்மைதான்.

அந்த வாரமே அண்ணன் அழைத்தார். வீட்டை விட்டு வந்தபின் அதுதான் முதல் அழைப்பு. குரலில் பழைய அதட்டல் பாதிகூட இல்லை. "நீதான் அவளக் கெடுத்து வச்சிருக்க. அத அழிக்கச் சொல்லு. நீ சொன்னா கேப்பா."

"சொல்லமாட்டேண்ணா. அது அவங்க கதை."

"அதுல உன்னையும்தானே கிழிச்சிருக்கா?"

"கிழிக்கட்டும். நான் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் போனை வைத்துவிட்டார். அவள் அண்ணியை அழைத்தாள். பத்தி பிரிக்காமல் சுவர் மாதிரி எழுதினால் செல்போனில் படிக்கிறவர்களுக்கு மூச்சு முட்டும், நாலு வரிக்கு ஒருதரம் மூச்சு விட இடம் வையுங்கள் என்றாள். அண்ணி உம் கொட்டிக் கேட்டுக்கொண்டாள். நன்றி எதுவும் சொல்லவில்லை.

வைக்கும் நேரத்தில் இவளால் பொறுக்க முடியவில்லை. "அந்த நாத்தனார் கடைசில என்ன ஆவா அண்ணி?"

"படிச்சுத் தெரிஞ்சுக்க" என்றாள் அண்ணி.