உத்தரத்தருகே ஓர் அரசன்

அன்று சபையில் வலப்புறம் மந்திரி துர்க்கதாமன், இடப்புறம் பட்டத்தரசி சிந்தாதேவி, எதிரே பட்டுப் பாயில் சக்கரவர்த்தியின் தூதன் என்று அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரிஷிகுல்யா நதிக்கரை நாட்டின் அரசன் அனந்தகேது, உத்தரத்துக்கு ஒரு முழம் கீழே, அந்தரத்தில் சம்மணமிட்டிருந்தான்.

அண்ணனை ஆற்றில் அமுக்கிக் கொன்று பட்டத்துக்கு வந்தவன் அவன். மறுநாளே அண்ணன் பேரில் தாலமூலம் என்ற ஊரைப் பிராமணர்களுக்குத் தாரை வார்த்தான். உடம்பில் கொஞ்சம் பாரம் குறைந்தது, தூக்கமும் வந்தது. பிறகு வருஷந்தோறும் ஊர் ஊராகக் கொடுத்தான். உப்பளங்களைக் கொடுத்த வருஷம், அரசன் ஏறியிருக்கிறானா என்று யானைப்பாகன் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. மலையடிவாரத்தைக் கொடுத்ததும் இடுப்பில் பட்டுக்கயிறு கட்டித் தூணில் முடிந்தார்கள். சிந்தாதேவி துரட்டியில் மாட்டிச் சோறு அனுப்பக் கற்றுக்கொண்டாள்.

பௌர்ணமிக்குள் அனந்தகேது வந்து சக்கரவர்த்தியின் காலில் முடி பட விழ வேண்டும், இல்லையேல் யானைப்படை புறப்படும் என்றான் தூதன். நாலு பேர் கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள். கால் இறங்கினாலும் தலை குனியவில்லை.

"ஏணி போட்டு உங்க சக்கரவர்த்தி மேல வரட்டுமே," என்றான் துர்க்கதாமன்.

"அவர் காலு தரையிலதான் இருக்கும், மந்திரியாரே. உங்க ஊருதான் இருக்காது."

கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் பாரம் திரும்பும் என்பது எல்லாருக்கும் தெரியும். எடுப்பவன் அறுபதினாயிரம் வருஷம் மலத்தில் புழுவாய்க் கிடப்பான் என்று ஒவ்வொரு செப்பேட்டின் கடைசியிலும் எழுதச் சொன்னவனும் அனந்தகேதுதான்.

"என்னால முடியாது தேவி," என்றான் மேலிருந்து.

"நீங்க மெதந்தது போதும்." சிந்தாதேவி மந்திரியிடம் திரும்பினாள். "தாலமூலத்தை எடுத்துக்கிறதா எழுதுங்க. என் பேர்ல எழுதுங்க."

"அங்க உழுது வெதைச்சிட்டாங்கம்மா."

"தெரியும். யானை வந்தா எல்லா ஊரு வெதையும் போகும்."

ஓலை எழுதி அரக்கு வைத்தார்கள். அவள் அழுத்தியபோது முத்திரை விழவில்லை. மோதிர விரல் வெளுத்து, எலும்பில்லாமல் நெளிந்தது. மோதிரத்தைக் கழற்றிப் பக்கத்து விரலில் போட்டு மறுபடி அழுத்தினாள்.

அரசன் இறங்கி உட்கார்ந்தான். தலை தானாகக் குனிந்தது. தலைமுடியிலிருந்து ஆற்று நீர் சொட்டத் தொடங்கியது. யாரோ துடைக்கத் துணி கொண்டுவந்தார்கள்.

சிந்தாதேவி விரலை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டு ஓலையைத் தாலமூலம் போகும் குதிரைக்காரனிடம் நீட்டினாள்.

"வெயில் ஏறதுக்குள்ள போய்ச் சேரு," என்றாள்.