இருபதில் பதினான்கு

ஹாக்ஸ்தோர்ப் ரக்பி லீக் அணியின் புள்ளிவிவரங்களைக் குறித்து வைப்பவள் லொரைன் ஹெப்வர்த். வார நாட்களில் பேருந்து டிப்போவில் வேலை. ஞாயிறு மதியம் எங்களோடு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, யார் எத்தனை பேரைத் தடுத்து வீழ்த்தினார்கள், யார் பந்தைப் பறிகொடுத்தார்கள் என்று கோடு போடுவாள். அணியின் நட்சத்திர ஆட்டக்காரன் கார்ல் அவளுடைய கணவன்.

மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கினாலும் கார்ல் எப்படியோ ஒரு கையை வெளியே நீட்டி, பந்தைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவான். பாதிக் கூட்டம் அதைப் பார்க்கத்தான் வரும்.

அந்த வருஷம் வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றோம். பயிற்சியாளர் ஆக்ராய்ட் லொரைனிடம் காரணம் கேட்டார். அவள் தாளை நீட்டினாள். ஐந்து ஆட்டங்களில் கார்ல் அப்படித் தள்ளிய பந்துகள் இருபது. அதில் பதினான்கு எதிரணியின் கைக்குப் போயிருந்தன.

"இனிமே அந்த வித்தை வேணாம்ப்பா. பிடிச்சா விழு, எந்திரிச்சு ஆடு" என்று ஆக்ராய்ட் கார்லிடம் சொல்லிவிட்டார்.

வீட்டில் வெடித்தது.

"வேற யாராச்சும் போட்டுக் குடுத்திருந்தா பரவால்ல. நீயா?"

"நான் கோடுதான் போட்டேன். பந்தை விட்டது நீ."

"முப்பத்திநாலு வயசுல என்னை மரக்கட்டையா ஆடச் சொல்றியா?"

"மரக்கட்டை பந்தை அடுத்தவன் கையில குடுக்காது, கண்ணு."

அடுத்த ஞாயிறு ஆக்ராய்ட் சொன்னபடியே கார்ல் ஆடினான். ஒரு பந்தும் போகவில்லை. ஆனாலும் பத்துக்கு எட்டு என்று தோற்றோம்.

"ஹெப்வர்த்! கையை வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று கார்லைப் பார்த்துப் பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். லொரைன் தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை சாப்பிடும்போது கார்ல் கேட்டான்: "அந்த இருபதும் மைதானத்துல எந்த இடத்துல நடந்துச்சு?"

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அதை எழுதலியே."

அந்த வாரம் முழுக்க ஐந்து ஆட்டங்களின் வீடியோ பதிவையும் இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். எங்கள் பாதியில் தள்ளியது பதின்மூன்று, பன்னிரண்டு போச்சு. எதிரணியின் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் தள்ளியது ஏழு. இரண்டுதான் போச்சு, மூன்று நேராகப் புள்ளியாக மாறியிருந்தன.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றார், புதுக் கணக்கைப் பார்த்த ஆக்ராய்ட்.

"தப்பு என்னோடதுதான். பாதிதான் எண்ணியிருக்கேன்."

அதன்பின் எங்கள் பாதியில் கார்ல் பந்தை அணைத்துக்கொண்டு விழுவான். அந்தப் பக்கம் போனால் அவன் இஷ்டம். மீதி ஆறு ஆட்டத்தில் நான்கு ஜெயித்து, கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பினோம். கடைசி ஆட்டத்தில் மட்டும் அவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் எல்லைக் கோட்டருகே ஒன்றைத் தள்ளினான். எதிரணி பிடித்துப் புள்ளி எடுத்தது.

காரில் ஏறியதும் கேட்டான்: "அதையும் எழுதிட்டியா?"

"எழுதாம? இடத்தோட எழுதியிருக்கேன்."

கார்ல் சிரித்துவிட்டான்.