பாலம் மூடியிருக்கட்டும்

பல்கலைக்கழக கேன்டீனில் தொலைக்காட்சி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தட்டைக் கழுவப் போன இதழாசிரியை பாதி வழியில் நின்றுவிட்டாள். திரையில் அமைச்சர். அவர் கையில் இருந்த நீல அட்டைப் புத்தகம், சர்வதேச உறவுகள் பற்றி மாணவர்களே நடத்தும் அவர்களுடைய ஆய்விதழ். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் வாசித்தார்: “நம்பிக்கை திரும்பும்வரை பாலம் மூடியிருப்பதே இரு கரைக்கும் பாதுகாப்பு.”

அவள் கட்டுரையில் வந்த வரி.

பாதிப் பிரதிகள் கட்டுப் பிரிக்காமலேயே நூலகப் படிக்கட்டுக்கடியில் கிடக்கும் பத்திரிகை அது. எழுதியவரையும் அவர் வீட்டாரையும் தவிர வேறு யாராவது படித்தால் விருந்து வைக்கலாம் என்று ஆசிரியர் குழுவே கேலி பேசும். எல்லைத் தகராறு வரும்போது கொஞ்ச காலம் கதவை அடைத்து வைத்தால் பதற்றம் தணியுமா என்பது அவள் எடுத்துக்கொண்ட கேள்வி. தணியாது என்று வாதாடவும் அவளிடம் அதே அளவு சான்றுகள் இருந்தன. தணியும் என்று எழுதினால் புதிதாக இருக்கும் என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். எழுதினாள்.

எல்லை ஆற்றுப் பாலம் இந்த நிமிடத்திலிருந்து மூடப்படுகிறது என்று அமைச்சர் அறிவித்தபோது பின்னால் யாரோ கை தட்டினார்கள். “நம்ம பத்திரிகைப்பா” என்று ஒரு குரல். தட்டை எங்கே வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. படியேறும்போது வழிகாட்டி போனில் கூப்பிட்டு, இந்தத் துறையில் யாருக்கும் கிடைக்காத பெருமை என்றார். சரி சார், சரி சார் என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

இதழின் அறையில் கமா இருந்தாள். மெய்ப்புப் பார்ப்பவள், ஒரு காற்புள்ளிக்காக ஒரு நாள் முழுக்கச் சண்டை போடுவாள் என்பதால் வந்த பெயர். அவள் வீடு பாலத்துக்கு அக்கரையில். அங்கே பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. நிறைமாதமாக இருந்த அண்ணியைக் கூட்டிக்கொண்டு அண்ணன் காலையில்தான் இக்கரை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருந்தான். அவர்கள் தங்குவதற்காக இதழாசிரியை தன் அறையையே ஒழித்து, கட்டிலுக்குப் புது விரிப்பும் போட்டு வைத்திருந்தாள்.

கமாவின் மேசையில் கணினி அதே செய்தியைக் காட்டிக்கொண்டிருந்தது. போன் காதில் இருந்தது.

“அண்ணன் எங்க இருக்காரு?”

“பாலத்து கேட்டுக்கு முன்னால. அண்ணிக்கு வலி எடுத்துடுச்சாம்.”

இதழாசிரியை ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தாள். “ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள விடணும்னு அடிக்குறிப்புல எழுதியிருந்தேன்.” சொன்ன பிறகுதான் தன் குரலே அவள் காதில் விழுந்தது.

கமா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“அமைச்சர் வாசிச்ச வரி முதல்ல ஒரு பத்தி நீளம் இருந்துச்சு. படிச்சா யாருக்கும் புரியாது. நான்தான் சுருக்கினேன்” என்றாள்.

கமா போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். இருவரும் குனிந்தார்கள். வண்டிகளின் ஹாரன், யாரையோ விலகச் சொல்லும் அதட்டல், இரும்புக் கதவு உருளும் சத்தம். அதற்கெல்லாம் நடுவில் கமாவின் அண்ணன் மிக மரியாதையாக யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தான்.

“நான் இங்கயே நின்னுக்கிறேன் சார். இவள மட்டும் விடுங்க.”