நடுவில் நின்ற ஒற்றைக் கம்பு

ஸ்ரீரங்கத்தில் புதிதாகக் கட்டும் பேருந்து நிலையத்தில் அன்று காலை முட்டுப் பிரித்தோம். கான்கிரீட் இறுகும் வரை கூரையைத் தாங்கி நிற்கும் சவுக்குக் கம்புகளைத்தான் முட்டு என்போம். அவற்றைத் தட்டி எடுத்த பிறகு கூரை தன் பலத்தில் நிற்க வேண்டும்.

இந்தக் கூரைக்கு நடுவில் தூணே கிடையாது. வரைந்தவர் தஹ்ஸீன் மேடம். மணப்பாறை ஆஸ்பத்திரி, தொட்டியம் பள்ளிக்கூடம், உறையூர் நூலகம் எல்லாம் அவர் கட்டியவை. எல்லாவற்றிலும் நான் சித்தாள். அந்த நூலகத்தில் உட்கார்ந்துதான் பின்னாளில் எழுத்துப் படித்தேன். பஸ்ஸை விட்டு இறங்குகிற ஆளுக்குக் குறுக்கே எதுவும் இல்லாமல் கோபுரம் தெரிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஒரு தூணாவது வையுங்கள் என்று எத்தனையோ இன்ஜினியர்கள் சொல்லிப் பார்த்தார்கள். இதுதான் அவருடைய கடைசிக் கட்டடம். கூரை இறங்கினால் இத்தனை வருஷம் எடுத்த பேரும் சேர்ந்து இறங்கிவிடும்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி முட்டுக் கம்பு விழுந்ததும் முதல் ஆளாகக் கூரைக்கு அடியில் போய் நின்றுகொள்வார். கட்டினவளே பயந்தால் சனம் எப்படி நிற்கும் என்பார். இப்போது இடுப்பில் ஆபரேஷன், கையில் தடி. ஓடக்கூட முடியாது. எங்கள் யாருக்கும் டீ இறங்கவில்லை.

கம்புகள் மளமளவென்று விழுந்தன. ஓரத்துக் கடைசிக் கம்பும் விழுந்ததும் மேஸ்திரி மருதை, முடிந்தது என்று கையை ஆட்டினார். மேடம் உள்ளே போனார். கூடவே நானும் போனேன். சாரப்பலகை அடுக்குக்குப் பின்னால், சரியாக நடுவில், ஒரு கம்பு இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"மேஸ்திரி, இது என்னங்க?" என்று மேடம் கேட்டார்.

மருதை வெளியிலிருந்தே தலையைச் சொறிந்தார். "நீங்க நிக்கிற இடமாச்சே மேடம். ஒண்ணு இருக்கட்டுமேன்னு..."

"நான் வேண்டாம்னு சொன்ன தூணை நீங்க கொண்டாந்து நட்டுட்டீங்களே. பாரம் பூரா இதுமேல வந்தா கூரை இங்கயே கீறிடும். வந்து தட்டுங்க."

மருதை உள்ளே வரவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். கீழே கிடந்த சுத்தியலை எடுத்தேன். அவர் பிஸ்மில்லா என்றார், நான் ரெங்கா என்றேன். கம்பின் அடியில் இருந்த ஆப்பில் ஓங்கி ஓர் அடி. அசையவில்லை. அடுத்த அடியில் ஆப்பு தெறித்து ஓடியது, கம்பு சாய்ந்தது. மேலே 'ணங்' என்று ஒரு சத்தம். மேடத்தின் முக்காட்டில் ஒரு பிடி தூசி கொட்டியது.

அவ்வளவுதான். கூரை நின்றது.

மேடம் தடியை நீட்டிக் காட்டினார். எதிரே, அடியிலிருந்து உச்சிவரைக்கும் கோபுரம்.

"தெரியுதா வீராயி?"

"முழுசாத் தெரியுது மேடம்."

"அப்ப அந்த மருதையை உள்ள வரச் சொல்லு. அங்க நின்னா பாதிதான் தெரியும்."

மருதை வந்தார். கோபுரத்தைப் பார்க்காமல் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக வைத்து வந்தார். நடுவுக்கு வந்ததும் மேடம் தடியால் அவர் முதுகில் செல்லமாக ஒரு தட்டு வைத்தார்.