283, இரண்டு தடவை

நாலு மணிக்குச் சேர்க்கைப் பட்டியல் சுவரில் ஏறியாக வேண்டும். மூன்றரைக்குத் தராசு டீச்சரைத் தேடி ஒரு பெண்ணும், பஸ் டிரைவரான அவள் அப்பாவும் வந்து நின்றார்கள்.

கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இருபது வருஷமாகக் கணக்கு வினாத்தாள் தயாரிப்பவர் டீச்சர்தான். ஒரு தப்பு வந்ததில்லை, அதனால்தான் தராசு. அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, பொய் சொல்வானேன்.

இருப்பது நாற்பது இடம். இந்தப் பெண் ஒரே மார்க் குறைந்து நாற்பத்தொன்றாவது. ஒன்பதாம் கேள்வியில் மூன்று எண்கள் கொடுத்து, எது பகா எண் என்று கேட்டிருந்தது. அதாவது, ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். டீச்சர் கொடுத்திருந்த விடை 1000009. இவளோ எதையும் குறிக்காமல், ஓரத்தில் 'மூன்றும் இல்லை' என்று எழுதி வைத்திருந்தாள்.

"293ஆல வகுபடுது மேடம். 3413 வருது."

"ஆயிரம் வரைக்கும் அத்தனை பகா எண்ணாலயும் வகுத்துப் பாத்தவ நான்," என்றபடி டீச்சர் கால்குலேட்டரைத் தட்டினார். 3413. புள்ளியும் இல்லை, மீதியும் இல்லை.

வினாத்தாள் அலமாரியைத் திறந்து தன் நோட்டை எடுத்தார். 283க்கு எதிரே 3533.60. அடுத்த வரியில் 293, அதற்கு எதிரேயும் 3533.60. அடிப் பாவி, 283ஐயே ரெண்டு தடவை தட்டியிருக்கிறாயே!

பக்கத்து மேஜையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த தேர்வு அதிகாரி அவரை வாசல் பக்கம் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "விடையை மாத்தினா பட்டியலே மாறும் டீச்சர். தப்பு உங்களுதுன்னு எழுதிக் குடுக்கணும். அப்புறம் அடுத்த வருஷம் வினாத்தாள் வேற ஆளுக்குப் போயிடும், நானே நெனச்சாலும் தடுக்க முடியாது. ஒரு பொண்ணுதானே, பேசி அனுப்புங்க."

அப்படியே பேசி அனுப்பிவிட டீச்சருக்கு ஆசை வந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் வந்தது. விடைத்தாளைப் புரட்டியதில் ஒரு சாக்கும் கிடைத்தது.

"கடைசி நாலு கேள்வி காலியா விட்டிருக்கியேம்மா. அதுல ஒண்ணு போட்டிருந்தா இடம் கெடச்சிருக்குமே?"

"நேரம் பத்தல மேடம். ஒன்பதாம் கேள்வியவே மூணு தடவ போட்டேன்."

"மொத தடவையே சரியாத்தானே வந்துச்சு?"

"வந்துச்சு. ஆனா உங்க பேப்பர்ல தப்பே இருக்காதுன்னு எங்க ஸ்கூல்ல சொல்லுவாங்க. அதான், நாந்தான் தப்புப் பண்றேன்னு நெனச்சேன்."

டீச்சரால் அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திருத்தப் படிவத்தை இழுத்து, காரணம் என்ற இடத்தில் எழுதினார்: '283ஆல் இருமுறை வகுத்தேன். 293ஐ விட்டுவிட்டேன்.' கீழே கையெழுத்துப் போட்டார்.

பட்டியல் நாலரைக்குத்தான் சுவரில் ஏறியது. அவள் பெயரும் அதில் இருந்தது. அலமாரிச் சாவியை அதிகாரி கேட்கவில்லை. டீச்சரே வளையத்திலிருந்து கழற்றி அவர் மேஜைமேல் வைத்தார்.