பதினேழாம் எண் வீட்டின் வழியே

கோல்ஃப் மைதானத்தின் நாலாவது குழியில் பந்தைப் போட்டு முடித்த பூட்டுக்காரர், ஐந்தாவது குழிக்குப் பந்தடிக்கும் மேடைக்குப் போகும் வழியில், பதினேழாம் எண் வீட்டின் சமையலறைச் சுவருக்குள் நுழைந்து குளியலறைச் சுவர் வழியாக வெளியே வந்தார். அப்போது காலை எட்டு இருபது. சுவரில் கீறல் இல்லை. அவருடைய மூக்குக்கண்ணாடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளைப் பூச்சு ஒட்டியிருந்தது. ஊரார் கதவையெல்லாம் திறந்து கொடுத்த மனிதர் தனக்குக் கதவே வேண்டாம் என்று போனது தொழிலுக்கே அவமானம் என்று கடைத்தெருவில் சாவி வெட்டும் இன்னொருவர் சொன்னார். அதைத் தவிர முதல் நாள் பெரிய பேச்சு எழவில்லை.

காரணம் கோபம். அந்தக் கோல்ஃப் மைதானத்தில் அவர் இருபத்திரண்டு வருஷமாக, தோளில் மட்டைப் பையோடு, நடந்துதான் ஆடிவந்தார். பழைய பாதை நடக்கிறவனை நினைத்துப் போட்டது. ஒரு குழியை முடித்துத் திரும்பினால் அடுத்த மேடை கூப்பிடு தூரத்தில் நிற்கும். மேட்டில் ஏற்றினால் ஒரே தடவை, அதுவும் சரிவாக, சுமையோடு வருகிறவனுக்கு மூச்சு வாங்காதபடி. ஒன்பதாவது குழி கிளப் வாசலுக்கே கொண்டுவந்து விடும். தாகமெடுத்தவன் தண்ணீர் குடிப்பான், முட்டி வலிக்கிறவன் வீட்டுக்குப் போவான். பிறகு ஒரு கம்பெனி மைதானத்தை வாங்கியது. வரைபடக்காரர் என்று ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் பேட்டரி வண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்தார். பிறகு குழிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிய்த்துத் தள்ளி வைத்து, நடுவில் வீடுகளை நட்டார். ஜன்னல்களுக்கு நல்ல காட்சி வேண்டுமென்பதற்காக ஆட்டக்காரனை ஏழு தடவை மேட்டில் ஏற்றினார். குழிகளின் நீளத்தை அங்குல சுத்தமாக அளந்தவர், ஒரு குழிக்கும் அடுத்த மேடைக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்கவே இல்லை. வண்டிக்குத்தான் கால் வலிக்காதே! அச்சடித்த அட்டையில் மொத்த நீளம் பழையபடி ஆறாயிரத்து இருநூறு கெஜம். காலில் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நாலாவது குழியிலிருந்து ஐந்தாவது மேடைக்கு மட்டும் ஒன்றேகால் கிலோமீட்டர் தார் ரோடு, வழி நெடுக அடுத்தவன் வீட்டு கேட், அதற்குப் பின்னால் குரைக்கும் நாய்.

இதற்கு மேல் ஒரு சட்டம் வேறு. பதினெட்டுக் குழியும் நாலேகால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். தாமதித்தால் தடவைக்கு ஒரு கடிதம், மூன்றாவது கடிதத்தோடு கிளப்பிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். பூட்டுக்காரருக்கு இரண்டு கடிதம் வந்தாயிற்று. கூட ஆடுகிற மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, முதல் வாரமே வண்டியில் ஏறிக்கொண்டு கூல்டிரிங்ஸ் உறிஞ்ச ஆரம்பித்திருந்தான்.

“அத்தான், வீம்பு பண்ணாம ஏறுங்க. சீட்டு மெத்து மெத்துனு இருக்கு.”

“எனக்கு ரெண்டு கால் இருக்குடா. உனக்குத்தான் அதை அலங்காரத்துக்கு மாட்டி அனுப்பியிருக்காங்க.”

“பேரை அடிச்சிட்டா நாள் முழுக்க நீங்க வீட்லதான். இதைக் கேட்டா அக்கா மயங்கி விழுந்துடுவா.”

பூட்டுக்காரர் சிரிக்கவில்லை. நாள் முழுக்கக் குனிந்து பூட்டின் வயிற்றுக்குள் கம்பி விட்டுத் துழாவுகிறவருக்குத் தலைநிமிர்ந்து நடக்கக் கிடைத்த ஒரே இடம் அது. அடித்த அடியை மறப்பதும் அடுத்த அடியை யோசிப்பதும் அந்த நடையில்தான். மூன்றாவது கடிதத்துக்குக் காத்திருந்த அந்தக் காலையில், வளைந்து வளைந்து போகும் தார் ரோட்டைப் பார்த்தார். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை கொதித்தது. கால்கள் அவரைக் கேட்காமலே பழைய பாதையில் திரும்பின. நடுவில் சுவர் வந்தது. கால்கள் நிற்கவில்லை.

“யாருய்யா நீ? கதவு சாத்தித்தானே இருக்கு?” என்று பதினேழாம் எண் வீட்டம்மா கரண்டியோடு கத்தினார்.

“நான் கதவுப் பக்கமே வரலையேம்மா” என்றார் பூட்டுக்காரர். குளியலறையில் முகமெல்லாம் சவர நுரையோடு நின்ற வீட்டுக்காரருக்கு ஒரு தலையசைப்பு. அன்று மூன்று மணி ஐம்பது நிமிஷத்தில் ஆட்டம் முடிந்தது. கிளப் செயலாளர் சட்டப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினார். வண்டி ரோட்டைவிட்டு இறங்கக் கூடாது என்று இருந்தது. மனிதன் சுவருக்குள் போகக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

மழைக்காலம் வருவதற்குள் அவர் பதினொரு வீடுகளின் ஊடே போய்வர ஆரம்பித்துவிட்டார். பன்னிரண்டாவதாக, மேட்டின் உச்சியில், இருப்பதிலேயே நல்ல காட்சியுள்ள வீட்டில் வரைபடக்காரரே குடிவந்தார். அந்த வீட்டின் ஹாலில் மட்டும் பூட்டுக்காரர் நின்றார்.

“இது என் வீடு. வெளிய போங்க!”

“போகத்தான்யா வந்தேன், பதிமூணாவது மேடைக்கு. நீங்களும் வாங்க, நீங்க போட்ட வழியில.”

“இருங்க, வண்டி கூப்பிடுறேன்.”

“வண்டி இருக்கான்னு கேக்கல. கால் இருக்கான்னு கேக்குறேன்.”

பையை அவர் தோளில் மாட்டிவிட்டுப் பூட்டுக்காரர் சுவருக்குள் போனார். பின்னாலேயே பாய்ந்த வரைபடக்காரரின் நெற்றி, தன் சொந்தச் சுவரில் ணங்கென்று மோதியது. வேறு வழியில்லை, ரோட்டில் இறங்கினார். இருபத்திநாலு நிமிஷம் கழித்து, சட்டை முதுகோடு ஒட்ட, வாய் பிளந்து வந்து சேர்ந்தார்.

“இப்ப நடந்தீங்களே, அட்டையில அது எத்தனை கெஜம்?”

வரைபடக்காரர் பையிலிருந்த அட்டையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். “ஒண்ணும் போடல” என்றார்.

“அந்த ஒண்ணுமில்லாததைத்தான்யா நாங்க தினமும் தூக்கிட்டு நடக்குறோம்!”

அவருக்காகக் காத்திருந்ததையும் சேர்த்து அன்று ஆட்டம் நாலு மணி பதினாலு நிமிஷத்தில் முடிந்தது. மூன்றாவது கடிதம் வரவேயில்லை. பாதையும் மாறவில்லை, வீடுகளை விற்றாகிவிட்டது. அதன்பின் வீடு பார்க்க வருகிறவர்களிடம், மாடிப்படி எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே என்று சொல்வதோடு, பூட்டுக்காரர் எத்தனை மணிக்கு எந்த அறையைக் கடப்பார் என்பதையும் சொல்லிவிடுவது வழக்கமாயிற்று. குளியலறையை எட்டேகாலுக்குள் காலிசெய்யப் பதினேழாம் எண் வீட்டுக்காரர் பழகிக்கொண்டார்.

எட்டு வருஷம் கழித்து, வண்டியில் தொந்தியும் தானுமாக உட்கார்ந்திருந்த மச்சான் கேட்டான்: “போதும் அத்தான், இன்னுமா அந்தக் கோவம்? விட்ருங்களேன்.”

“விட்டா மண்டை உடையும்டா” என்றார் பூட்டுக்காரர், சமையலறைச் சுவரை நோக்கி நடந்துகொண்டே.

உள்ளே வீட்டம்மா அடுப்பிலிருந்து தலையைத் திருப்பவில்லை. “காலைத் துடைச்சிட்டுப் போங்க, இப்பதான் தரை துடைச்சேன்” என்றார்.

துடைத்துவிட்டுப் போனார்.